சந்தனம் பூசிய லைற்றும் பச்சைத் துளியும்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "கம்பஸில போத்தில் கழுவிறார்" என்று சொன்னீர்களாம். பொய்யில்லை. ஆனால் ஒருமுறை ஒரு பெரிய ஆராய்ச்சியையே குழப்பியிருக்கிறேன். இனிமேல் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் யாழினி மிஸ் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காகத் தண்ணீர்த் துளியின் சூட்டை அளந்துகொண்டிருந்தார். மிளகளவு துளி. தெர்மோமீற்றரை வைத்தால் அதிலேயே ஒட்டிவிடும். அதனால் நிறம் மாறும் மருந்து ஒன்றைத் தண்ணீரில் கலந்து, சூடான கறுப்புத் தட்டில் ஒரு துளி விடுவார். சூடு ஏற ஏறத் துளி சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறும். மேலே வெள்ளை லைற், பக்கத்தில் கமரா.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள், நீலமாக வேண்டிய துளி பச்சையிலேயே நின்றது. அடுத்த நாள் கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிறார். அவர் முன்னால் சரியாக அளந்து காட்டாவிட்டால் மிஸ்ஸின் பட்டம் தள்ளிப்போகும்.

"அண்ணை, மருந்து பழுதாப்போச்சுப் போல. புதுசு வர ரெண்டு மாசமாகும்." என்றார் மிஸ், மருந்துப் போத்திலை ஆட்டிப் பார்த்தபடி.

"தட்டுச் சுடுதே மிஸ்?"

"ஓம், நல்லாச் சுடுது. துளிதான் பொய் சொல்லுது."

அப்போதுதான் மேசையில் இருந்த வெள்ளைக் கடதாசியைப் பார்த்தேன். அதுவே மஞ்சளாய்த் தெரிந்தது. பூசையன்று கருவிகளுக்குப் பொட்டு வைத்தவன் நான். படிப்புக்கு வெளிச்சம் தருவதாயிற்றே என்று லைற்றை மட்டும் நிமிர்த்தி, மஞ்சள் சேர்த்துக் குழைத்த சந்தனத்தைக் கண்ணாடி முழுக்கப் பூசியிருந்தேன். திருப்பிக் கவிழ்த்து வைத்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த மஞ்சள் வெளிச்சம்தான் நீலத்தைப் பச்சையாகக் காட்டியிருக்கிறது.

சத்தமில்லாமல் துடைத்துவிடலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். துடைத்திருந்தால் மிஸ் கடைசிவரை மருந்தைத்தான் சந்தேகித்திருப்பார்.

"மிஸ், மருந்திலை பிழையில்லை. என்னிலைதான்."

அவர் குனிந்து லைற்றைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "சந்தனம் பூசினியள் சரி அண்ணை, மாலை போட மறந்திட்டியளே!"

ஈரத்துணியால் துடைத்தேன். துளி நீலமானது.

மறுநாள் பரிசோதகர், "நிறத்தை எப்பிடி நம்புறது பிள்ளை?" என்று கேட்டார். "முதல்ல வெளிச்சத்தைப் பாக்கவேணும் சேர்" என்றார் மிஸ், என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு. மிஸ் பாஸ்!

பிழையைத் துடைக்கமுதல் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், பிள்ளைகளே. நான் படித்தது அவ்வளவுதான்.

எல்லோரும் போனபின் மிச்சச் சந்தனத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன், மேசையின் காலில். விரலை நன்றாகக் கழுவிய பிறகுதான் லைற்றைத் தொட்டு அணைத்தேன்.