குமாரின் நடுகல்லும் என் நடுகல்லும்

எங்கள் ஊர் மரபுப் பாதுகாப்புச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஆனால் ஏரிக்கரையில் நடுகல்லைக் கண்டுபிடித்தது, போன மாதம் சேர்ந்த குமார். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வந்து கண்டுபிடித்தானாம்! ஊரே கொண்டாடியது, எனக்கு நாஷ்டாகூட இறங்கவில்லை.

ஞாயிறன்று அந்தக் கல்லைச் சுற்றி எல்லோரும் முள் வெட்டினோம். என் காலில் ஏதோ நெளிந்தது. "பாம்பு!" என்று அலறி ஓடினேன். புதரில் ஒரு கல் தடுக்கிக் குப்புற விழுந்தேன்.

"இன்னா தலைவரே, தண்ணிப் பாம்புக்கா இந்த ஓட்டம்?" என்று சிரித்தபடி தூக்கிவிட்ட குமார், தடுக்கிய கல்லைப் பார்த்தான். அதில் வாளோடு ஒரு வீரன். இன்னொரு நடுகல்!

நிருபர் வந்தபோது, பாம்புக் கதையைச் சொல்லிவிடுவானோ என்று நடுங்கினேன். குமார் சொன்னான்: "இத்த எங்க தலைவருதான் சார் தேடிக்கினே போயி கண்டுபுடிச்சாரு."

பேப்பரில் என் படம் வந்தது. என்னைவிட அவன்தான் அதிகம் மகிழ்ந்தான். அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையே என்று இப்போதும் வயிறு எரிகிறது.