நடுப் பிளாட்பாரத்துப் பேச்சு

வண்டி தாம்பரத்தில் நின்றதும் டிரைவர் எலியேசர் முதல் காரியமாக வண்டியை ஓட்டும் கைப்பிடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, ரயிலின் மறுகோடிக்கு நடக்கத் தொடங்குகிறார். மின்சார ரயிலைத் திருப்ப வேண்டியதில்லை. ஓட்டுகிறவர்தான் திரும்ப வேண்டும். அதே நேரத்தில் பின்கோடியிலிருந்து கார்டு ராஜகோபாலன் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே வருகிறார். எட்டுப் பெட்டி வண்டியில் நாலாவது பெட்டியருகே இருவரும் ஒருவரையொருவர் கடக்கிறார்கள். நின்று பேச நேரம் கிடையாது. ஆளுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு.

பத்து வருஷமாக இவர்களுடைய சிநேகம் இப்படித்தான் நடக்கிறது. பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று ராஜகோபாலன் தாம்பரத்தில் சொன்னால், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று தெரிந்துகொள்ள எலியேசர் மறுமுனையில் இருக்கும் பீச் ஸ்டேஷன் வரை ஐம்பது நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஆவதொன்றுமில்லை. எலியேசரின் மனைவி மெட்டில்டா காலமாகி, அவர் வேலைக்குத் திரும்பிய அன்று மட்டும் பேச்சே இல்லை. ராஜகோபாலன் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஒவ்வொரு நடையிலும் தொட்டார்.

எலியேசருக்குப் பிள்ளைகள் இல்லை. குரோம்பேட்டையில் ஒற்றை அறைப் போர்ஷன். சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது தொழில் பழக்கம். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. "ஸ்டவ் அணைச்சாச்சு. ஜன்னல் சாத்தியாச்சு. சாவி எடுத்தாச்சு." பக்கத்துப் போர்ஷன் ஞானஜோதி டீச்சர் முதலில் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்தார், அப்புறம் பயந்தார். இப்போது அந்தக் குரலைக் கேட்டுத்தான் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறார்.

எலியேசரின் அண்ணன் சத்தியநாதன் டெல்லியில் பெரிய அதிகாரி. போன கிறிஸ்மஸுக்கு வந்தவர் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "இருபது வருஷமா போறே, வர்றே. எங்கடா போய்ச் சேர்ந்தே?" எலியேசர் சிரித்து மழுப்பினார். ஆனால் கேள்வி உள்ளே தைத்துவிட்டது. ஒற்றை ஆளாக நின்று ஓட்டுகிற இடத்தில் அதைப் போட்டுக் குடைந்துகொண்டிருக்க நேரம் வேறு தாராளமாகக் கிடைத்தது.

இந்த ஆடி மாதம் அவருக்கு ரயில்வே ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்ஸ்பெக்டர் பதவி. தனி அறை, நாற்காலி, வாசலில் பெயர்ப் பலகை. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதத்தை எழுதித் தராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி வராது. உண்மையைச் சொன்னால் எலியேசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாளாக வீட்டில் ஸ்டவ்வும் சாவியும் போய், "இன்ஸ்பெக்டர் எலியேசர்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் பிள்ளைகள் இரண்டு நாளும் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போயின. அண்ணனுக்குப் போட வேண்டிய கடிதத்தை மனதுக்குள் நாலு தடவை எழுதியாயிற்று.

ராஜகோபாலனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் தாம்பரத்தில் ஒருவழியாகச் சொன்னார்.

"இன்ஸ்பெக்டர் ஆக்குறாங்களாம், கார்டு சார். சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

பதில் பீச்சில் வந்தது. "பேஷா எழுதிக் குடுங்கோ. இந்த வண்டிக்கு வேற யாராவது வருவா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனுஷர் வேறென்ன சொல்வார்? ஆனாலும் எலியேசருக்கு முகம் தொங்கிவிட்டது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

கார்டு இரண்டு மணி அடித்தால் வண்டி புறப்படலாம். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும். திரும்பி வரும்போது கிண்டியில் ஜனம் ஏறி முடிந்து சிக்னலும் விழுந்திருந்தது. "பச்சை" என்றார் எலியேசர். ஒரு மணி அடித்தது. இரண்டாவது வரவில்லை. ஜன்னல்களில் தலைகள் நீண்டன. யாராவது விழுந்துவிட்டார்களோ என்று பதறி எட்டிப் பார்த்தார். பிளாட்பாரத்தில் ஒன்றுமில்லை. கடைசிப் பெட்டி வாசலில் ராஜகோபாலன் எங்கோ பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு நிமிஷம் போல் கழிந்த பிறகுதான் இரண்டு மணி வந்தது.

பத்து வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு மணி பிசகியதில்லை. பரங்கிமலையில் எலியேசருக்குச் சிக்னலைச் சொல்லக் குரல் எழும்பவில்லை. தான் போய்விட்டால் ஒருவருக்குக் கை ஓடாது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அண்ணனிடம் சொல்ல அது ஒரு பதிலாகுமா என்று யோசித்தார். ஆகாது. அண்ணன் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

தாம்பரத்தில் நாலாவது பெட்டியருகே ராஜகோபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "கிண்டியில கை தவறிடுத்து" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடப் பார்த்தார்.

எலியேசர் நின்றுவிட்டார். அந்த இடத்தில் இருவரில் ஒருவரும் அதற்கு முன் நின்றதில்லை.

"கொஞ்சம் திரும்பிக்கினு நில்லுங்க, கார்டு சார்."

ராஜகோபாலன் திரும்பிக் குனிந்தார். எலியேசர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அந்த வெள்ளைக் கோட்டின் முதுகில் வைத்து நீவினார். பேனாவை அழுத்தி, முதுகுக்குத் தெரியும்படி எழுத்தெழுத்தாக, 'விருப்பமில்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்துக் காகிதத்தை மடித்த பிறகும் ராஜகோபாலன் நிமிராமல், முதுகைக் கொடுத்தபடியே நின்றார்.