ஒரு ரிங்

தையல்காரம்மாவுக்கு வாய் ஓயாது. பேண்ட் நீளத்தைக் குறைக்க வந்தவரிடம் அவர் வீட்டுக் கதை முழுவதையும் கறந்துவிட்டுத்தான் அனுப்புவாள். ஆனால் கட்டிய கணவரோடு போனில், இருபத்திரண்டு வருடத்தில் மொத்தமாக அரை மணி நேரம் பேசியிருந்தால் அதிகம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். போனில் பேசக் காசு அதிகமாக ஆன நாளில் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு ரிங் என்றால் வேலையிடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் நேரமாகும், சாப்பிட்டுவிடு. எடுக்கக் கூடாது. மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அவளும் இந்தக் கூட்டணியில் சேர்ந்துகொண்டாள். பேசுவது இலவசம் மாதிரி ஆன பிறகும் யாரும் மாறவில்லை. "என்னத்தப் பேசறது, சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரேன்" என்பார் அவர்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்கு ஒரு ரிங் வந்தது. பதினொன்று ஏழுக்கு இன்னொன்று. அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார் போலிருக்கிறது என்று அவள் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு சூப்பர்வைசர் அழைத்தார். முதல் கட்டடத்தின் மாடிப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். உயிர் இல்லை. போன் இரண்டு படி கீழே கிடந்ததாம்.

அந்த இரண்டாவது ரிங்கைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் போனிலிருந்து அதை அன்றே அழித்தாள். அவருடைய பட்டன் போனின் திரை நொறுங்கியிருந்ததால் அதிலும் யாரும் பார்க்க வழியில்லை. மணி மட்டும் அடித்தது. அதை உள்ளறை அலமாரியில் அவர் சட்டைகளுக்கு அடியில் வைத்து, சார்ஜ் போட்டு வந்தாள்.

மகள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, தினமும் பதினொன்று ஏழுக்கு அந்த எண்ணை அழைப்பாள். உள்ளே ஒரு முறை மணி அடிக்கும். அந்த ஒரு ரிங்குக்குள், அன்று தான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு போனை எடுத்திருக்க முடியுமா என்று கணக்குப் பார்ப்பாள். முடிந்தது. ஒவ்வொரு நாளும் முடிந்தது.

அன்று மகள் காய்ச்சலோடு பாதி வேலையில் திரும்பி, பின்வாசல் வழியாக வந்திருந்தாள். மெஷின் சத்தத்தில் தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல அழைத்தாள். போர்வை தேடி அலமாரியைத் திறந்திருந்த மகள், முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

மறுமுனையில் மூச்சு கேட்டது.

"ஏங்க" என்றாள் தையல்காரம்மா.

"நான்தாம்மா."

நாலே அடியில் கதவு. எழுந்து போயிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னிக்கு உங்கப்பா எனக்கு ரெண்டாவது தடவ ரிங் விட்டாரு. பதினொண்ணு ஏழுக்கு. போய்ச் சேர்ந்துட்டாருன்னு நெனச்சேன். திருப்பிக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா இருந்திருப்பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தாள்.

"பதினொண்ணு எட்டுக்கு எனக்கும் வந்துச்சும்மா" என்றாள் மகள். "ஒரு ரிங்தான். நானும் கூப்பிடல."

அவருடைய போனில் சார்ஜ் தீர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை இருவரும் அதில்தான் பேசினார்கள்.