பிளாட்டினம் ரத்னவேலுக்கு இன்னும் நான்கு இரவுகள்

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் கடற்கரை விடுதிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் ரத்னவேலைக் கேட்பார்கள். கேட்காமல் தப்பிக்கப் பார்த்தாலும் அவர் விடுவதில்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, பூக்கெட் போகிறீர்களாமே, எந்த விடுதி என்று ஒருமுறை விசாரித்தார். அந்த மனிதர் பெயரைச் சொன்னதும், யாரோ தவறிவிட்ட செய்தியைக் கேட்டதுபோல உச்சுக் கொட்டினார். அங்கே காலைச் சாப்பாட்டை ஒன்பதரைக்கே மூடிவிடுவார்களாம். கடல் தெரியும் அறை என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம், ஆனால் பால்கனியில் நின்று கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தால்தான் கடல் தெரியுமாம். கேட்டவர் அன்றைக்குக் காய் வாங்காமலேயே போய்விட்டார்.

ரத்னவேலுக்கு ஐம்பத்தாறு வயது. கப்பல் இஞ்சின்களைச் சோதித்துச் சான்று எழுதும் வேலை. பத்தாம், ஜோகூர், கொழும்பு என்று கப்பல் பட்டறை இருக்கும் ஊர்களிலெல்லாம் இருபது வருடமாகப் படுத்து எழுந்தவர். படுத்ததெல்லாம் ஒரே விடுதிக் குழுமத்தில்தான். வேறு எங்காவது படுக்க நேர்ந்தால் அந்தத் தூக்கம் வீண் என்பது அவர் கொள்கை. வருடத்துக்கு ஐம்பது இரவு தங்குகிறவர் அங்கே பிளாட்டினம் உறுப்பினர். பிளாட்டினத்துக்கு என்னென்ன உண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பெரிய அறைக்கு மாற்றித் தருவார்கள், காலை உணவு இலவசம், மாலையில் லவுஞ்ச் என்கிற தனிக்கூடத்தில் பலகாரமும் பானமும், கிளம்பும் நாளன்று மாலை நாலு மணி வரை அறை நம்முடையது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை ஒன்று உண்டு. கவுண்டரில் இருக்கும் பெண் எழுந்து நின்று, "வெல்கம் பேக், மிஸ்டர் ரத்னவேல்" என்பாள். அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் அவர் பெயரை முழுசாகச் சொன்னவர் யாருமில்லை. 'ரத்னா' என்று யாரோ ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்த ஒற்றை வாக்கியத்துக்காக மனிதர் உருகினார் என்றால் நாம் சிரிக்கக்கூடாது. வேண்டுமானால் கொஞ்சமாகச் சிரிக்கலாம்.

இந்த வருடம்தான் சோதனை வந்தது. கேமரா வழியாகவே இஞ்சினைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பயணம் குறைந்தது. ஜனவரி நடுவில் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு இரவுகள்தான் சேர்ந்திருந்தன. விடுதிக் கணக்கில் வருடம் ஜனவரியோடு முடிகிறது; முப்பத்தொன்றாம் தேதிக்குள் இன்னும் நாலு இரவு தங்காவிட்டால் சில்வருக்கு இறங்கிவிடுவார்.

அதே சமயம் அவர் விரதத்திலும் இருந்தார். பிப்ரவரி முதல் தேதி தைப்பூசம். போன ஜூன் மாதம் அவர் மனைவி விசாலாட்சிக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. சோதனை முடிவு வர பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் குலை நடுங்கிக் கிடந்தவர், காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். கட்டி ஒன்றும் செய்யாத வகை என்று தெரிந்ததும் கவலை போயிற்று, காவடி பாக்கி நின்றது. அதனால் நாற்பத்தெட்டு நாள் கவிச்சி இல்லை, வெளிச் சாப்பாடு இல்லை, சவரம் இல்லை. தரையில்தான் படுக்கை.

விரதத்தில் இருப்பவன் உல்லாச விடுதிக்குப் போகலாமா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பஃபலோ ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும் பாலகிருஷ்ணன்தான் அவர்களுடைய காவடிக் குழுவுக்குத் தலைவர். ரத்னவேல் அவரிடம் போய், அலுவலக விஷயம் கேட்பவர்போல மெல்ல ஆரம்பித்தார். பாலகிருஷ்ணன் மாலை கட்டும் கையை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"தரையில படு. வெளிய எதையும் வாயில வைக்காத. பொய் சொல்லாத. மத்தத முருகன் பாத்துக்குவான் லா," என்றார்.

அனுமதி கிடைத்த உற்சாகத்தில் ரத்னவேல் கணினியில் அட்டவணை போட்டார். செந்தோசா, தேசாரு, பிந்தான் என்று மூன்று இடம், பதினேழு கட்டம். செந்தோசா விடுதியில் லவுஞ்ச் பிரமாதம், ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் பிளாட்டினம். பெரிய அறை கிடைப்பது அவரவர் ஜாதகம். தேசாருவில் அறை விசாலம், ஆனால் லவுஞ்ச் கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு கூப்பன் கொடுத்து ஆளை அனுப்பிவிடுவார்கள். பிந்தானிலோ பிளாட்டினத்துக்குத் தனி வில்லாவே கிடைக்க வாய்ப்பு உண்டு. மதிப்பெண்ணைக் கூட்டினால் பிந்தான் மூன்று புள்ளி முன்னால் நின்றது.

விசாலாட்சி பாலிகிளினிக்கில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள், பிறகு கீழிருந்து மேல்வரை படித்தாள்.

"கடலுக்கு எத்தன மார்க் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

கடலுக்குக் கட்டமே இல்லை. மூன்று ஊரிலும் கடல் ஒன்றுதானே என்று ரத்னவேல் சமாளித்தார். அவள் சண்டை போடவில்லை. வருவதாகச் சொன்னாள், ஆனால் இதுதான் கடைசி என்றும் சொன்னாள். பத்தொன்பது முறை அவருடன் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். பத்தொன்பது முறையும் மணலில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் லவுஞ்சில் இருப்பார், இல்லையென்றால் கவுண்டரில் இருப்பார். தனியாக உட்காருவதற்கு உள்ளூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை போதும், பாஸ்போர்ட் எதற்கு என்பது அவள் கேள்வி.

ரத்னவேலுக்கு அது சுருக்கென்று தைத்தது. பிளாட்டினத்தைக் காப்பாற்றி என்ன செய்வது, அவள் வராவிட்டால்? பெரிய அறையில் ஒற்றை ஆளாக இரண்டு தலையணையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? இந்த நாலு இரவுக்குள் எப்படியாவது அவள் மனதை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். சலுகைகளை நேரில் அனுபவித்தால் மாறிவிடுவாள் என்று நம்பினார். அவர் மூளை அந்தத் திசையில் மட்டும்தான் ஓடும்.

செவ்வாய்க்கிழமை தானா மேராவில் பிந்தானுக்குப் படகு ஏறினார்கள். விடுதிக் கவுண்டர் பெண் பாஸ்போர்ட்டில் இருந்த மழுமழு முகத்தையும் எதிரே நின்ற தாடியையும் ருத்திராட்சத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விசாலாட்சியைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னாள். ஆனால் வில்லா கிடைத்தது. நாலு பேர் உருண்டு படுக்கலாம் என்கிற கட்டில். ரத்னவேல் பெட்டியைத் திறந்து கோரைப்பாய், முருகன் படம், பேட்டரி விளக்கு, தன் தட்டு, தம்ளர், ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்து, மேலே தொங்கிய பளிங்கு விளக்கை மல்லாந்து பார்த்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை இந்த நான்கு நாளுக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். விடுதியின் காலை உணவில் பதினாறு வகை ரொட்டி. பிளாட்டினம் உறுப்பினர் ரைஸ் குக்கரில் பாசிப்பருப்புக் கஞ்சி வைத்துக் குடித்தார். வரவேற்புத் தட்டில் வந்த வாழைப்பழத்தை முருகனுக்குப் படைத்தார்; அந்த ஒரு சலுகைதான் அவருக்குப் பிரயோஜனப்பட்டது. லவுஞ்சுக்குப் போகும்படி விசாலாட்சியை வற்புறுத்தி அனுப்பினார். அவள் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, ஏசி அதிகம் என்றாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் முதல் நாள் பாயைப் பார்த்துக் குழம்பினாள். இரண்டாம் நாள், துண்டை மடித்துச் செய்கிற அன்னப்பறவையைக் கட்டிலில் வைக்காமல் பாய்மேல் வைத்துவிட்டுப் போனாள். ரத்னவேலுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால்தான் அவர் கடற்கரைக்குப் போனார். பக்தியும் இல்லை, காதலும் இல்லை; உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். விசாலாட்சி மணலில் கால்களைப் புதைத்துக்கொண்டு, மூன்று அலை வந்து போகும்வரை அசையாமல் இருந்தாள். மூன்றாவது அலையில் பாதம் வெளியே தெரிந்ததும் மறுபடி புதைத்தாள். இது என்ன விளையாட்டு என்று கேட்டார். முதல் பயணத்திலிருந்தே இப்படித்தான் என்றாள். அவரும் தன் காலைப் புதைத்துக்கொண்டார். புதன்கிழமை ஒரு மணி நேரம் இருந்தார். வியாழக்கிழமை காலையில் போனவர் கஞ்சி வைக்கத்தான் அறைக்குத் திரும்பினார். பாலிகிளினிக்குக்கு வரும் கிழவர்கள் மாத்திரையின் நிறம் மாறிவிட்டது என்று சண்டை போடுவதை அவள் நடித்துக் காட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது.

வியாழன் சாயங்காலம் அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அந்த ரிசல்ட் லங்காவியில பீச்ல இருக்கும்போதே வந்துருச்சு."

ரத்னவேலுக்குப் புரியவில்லை. போன ஜூனில், முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், மனசு மாறட்டுமே என்று லங்காவிக்குப் போயிருந்தார்கள். கட்டியால் பயமில்லை என்று திரும்பும்போது விமான நிலையத்தில்தான் சொன்னாள். அப்போதுதான் ஃபோன் வந்தது என்று இதுநாள்வரை நினைத்திருந்தார்.

"காலையில பதினோரு மணிக்கு டாக்டர் கூப்பிட்டாங்க. நீங்க கவுண்டர்ல நாலு மணி வரைக்கும் ரூம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கெடச்சிருச்சுன்னு மணல்ல ஓடி வந்தீங்க. சரி, அவர் முதல்ல சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன். நீங்க முடிக்கவே இல்ல."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதில் பேசியிருப்பார். நாலு மணி வரை அறை கிடைத்த கதையை அன்றைக்குப் படகுக்காரரிடமும் டாக்சிக்காரரிடமும்கூடச் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. உயிர் பிழைத்த சேதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் ஐந்து மணி நேரம் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ரத்னவேலுக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது. தாடி இருந்ததால் முகம் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்கவில்லை.

மீதியையும் அவள் மெல்லச் சொன்னாள். அந்த மணலில் உட்கார்ந்தபடி அவளும் ஒரு வேண்டுதல் செய்திருந்தாள். கேலாங் சிவன் கோயிலில் ஒரு பிரதோஷத்தன்று இருவரும் ஜோடியாக வந்து பாலாபிஷேகம் செய்வதாக. அதன்பிறகு பதினாலு பிரதோஷம் வந்து போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் அவர் எங்கேயாவது இரவு சேர்த்துக்கொண்டிருந்தார், இல்லையென்றால் சேர்ப்பதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கும் பிரதோஷம்தான் என்றாள். உடனே, பரவாயில்லை, உங்களுக்கு இன்னும் ஒரு இரவு இருக்கிறது, அடுத்த பிரதோஷம் எங்கே ஓடிப்போகிறது என்றும் அவளே சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பாயில் படுத்து ரத்னவேல் யோசித்தார். நாளைக்குப் போய்ப் பூஜை முடிந்து திரும்பிவர படகு கிடையாது. ஆனால் பிளாட்டினக்காரர்களிடையே ஒரு தந்திரம் உண்டு. காலி செய்வதாகச் சொல்லாமல், அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட வேண்டியது. படுக்காத இரவும் படுத்த இரவாகக் கணக்கில் ஏறிவிடும். அவரே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த வழி அது. அப்போது பாலகிருஷ்ணன் போட்ட மூன்றாவது நிபந்தனை அவர் ஞாபகத்துக்கு வந்தது. தரையில் படுப்பதைவிடப் பொய் சொல்லாமல் இருப்பது கடினம் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது. முருகன் படம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில், இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு நாள் முன்னதாகவே அறையைக் காலி செய்கிறேன் என்று கவுண்டரில் போய் நின்றார். அந்தப் பெண் பதறிவிட்டாள். அறையில் ஏதாவது குறையா, ஊழியர் யாராவது மரியாதைக் குறைவாக நடந்துவிட்டார்களா என்று கேட்டாள். பிறகு திரையைப் பார்த்துவிட்டு, இன்று ஓர் இரவு தங்கினால் ஐம்பது முடிந்துவிடும், இப்போது போனால் நாற்பத்தொன்பதில் நின்று சில்வராகிவிடுவீர்கள் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். ரத்னவேலுக்கே விளக்குகிறாள்! அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மனைவியோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நின்றது. அதை மறைத்துச் சொல்வதற்கில்லை.

விசாலாட்சி பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கேலாங் ஈஸ்டில் சிவன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. இருவரும் பால் குடத்தை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கொடுத்தார்கள். அர்ச்சகர் கேட்டபோது ரத்னவேல் முதலில் விசாலாட்சியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். லிங்கத்தின்மேல் பால் இறங்குவதைப் பார்த்து அவள் அழுதாள். ஏழு மாதம் தள்ளி வந்த அழுகை அது. அவர் பக்கத்தில் இருந்தார்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவள் கேட்டாள், "சில்வருக்கு லவுஞ்ச் உண்டா?"

"கெடையாது."

"நாலு மணி வரைக்கும் ரூம்?"

"அதுவும் கெடையாது. பன்னெண்டு மணிக்கெல்லாம் வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்ப கவுண்டர்ல போய் நின்னு கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்ல, விசாலம்," என்றார் ரத்னவேல். "ஒரு பாட்டில் தண்ணி குடுப்பாங்க. அவ்ளோதான்."

விசாலாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப வர்ற ஜூனுக்கு ரூம் போடுங்க," என்றாள். "நான் வர்றேன்."