மின்னலாளின் காற்சட்டை

கடந்த ஒக்டோபரில் மூன்று நாள் விடுப்பு எடுத்து பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்குப் போனேன். காரணம் ஒரு படக்கதை நாயகி. தொலைபேசிக் கம்பி திருத்தும்போது மின்னல் தாக்கி, பறக்கும் சக்தி பெற்றவள். நோர்வேஜிய மொழியில் வந்த அவளுடைய புத்தகங்களைப் படித்து வளர்ந்த நானும் மச்சாள் ஆரணியும் அவளுக்கு மின்னலாள் என்று பெயர் வைத்திருந்தோம். அவள் எப்படித் தோன்றினாள், எப்படி மாறினாள் என்று அங்கே ஒரு வட்டார நூலகத்தில் கண்காட்சி. அதில் ஆரணி கொடுத்த பதினொரு பழைய இதழ்களும் இருந்தன.

காலை எட்டு மணி ரயில், ஏறக்குறைய ஏழு மணி நேரம், முன்பதிவில் 549 குரோனர். ரயில் உணவகத்தின் விலையைப் பார்த்தாலே பசி போய்விடும். சோற்றுப் பொதி கட்டிக்கொள்ளுங்கள். ஒஸ்லோ மையத்திலிருந்து ஆரணி இருக்கும் அம்மருட் பகுதிக்கு டி-பானே என்ற நகர ரயிலில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் பெட்டியில் வெள்ளை முகங்கள் இறங்கி முடிந்துவிடுகின்றன. சமத்துவ நாடாம்!

ஆரணியின் அம்மா, என் மாமி, இருபத்தாறு வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். அந்த இதழ்கள் அங்கே கழிவுத்தாளோடு கிடந்தவை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கம் பக்கமாக மின்னலாளின் வெறுங்கால்களுக்கு நீலப் பேனாவால் காற்சட்டை கீறிவிட்டார். மாமிக்கு வெட்கம் என்பது எங்கள் குடும்பத்தில் பழைய பகிடி. கண்காட்சியில் அதற்கு வைத்த தலைப்பை ஆரணி படம் எடுத்து அனுப்பியிருந்தாள்: "குடியேறிய தாய் ஒருவரின் தணிக்கை."

நான் போய்ச் சேர்ந்த மறுநாள், அந்தத் தலைப்பை அறிந்த மாமி கையில் பையோடு வாசலில் நின்றார்.

"புத்தகங்களைத் திருப்பி எடுக்கப்போறன்."

"அம்மா, நான் கெஞ்சிக் குடுத்தனான். முடிஞ்சாப் பிறகு வரும்."

"அதுவரைக்கும் வாற சனமெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டோ?"

மூவருமாகப் போனோம். கண்காட்சி ஒரு சின்ன அறைதான். நாற்பது நிமிடம் போதும், அனுமதி இலவசம். முதல் இதழின் பிரதியைப் பார்த்து நின்றுவிட்டேன். தடித்த காற்சட்டை, பொத்தான் வைத்த மேலங்கி. கம்பத்தில் ஏறுபவள் வேறு எதைப் போடுவாள்? பிறகு இதழுக்கு இதழ் துணி குறைந்தது. வேலையும் போய், சில காலம் இன்னொரு வீரனின் காதலியாக மட்டும் இருந்தாள். இப்போது காற்சட்டை திரும்பியிருக்கிறது, ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல. நடுவில் அவளை வரைந்தவர்கள் எல்லோரும் சூடான அறையில் உட்கார்ந்திருந்த ஆண்கள்.

ஏற்பாட்டாளரான இளம் நோர்வேஜியப் பெண் சிரித்தபடி வந்தாள். "உங்கள் பண்பாட்டில் பெண்ணின் கால்கள்..." என்று தொடங்கினாள்.

கோபம் வந்தால் மாமிக்குத் தமிழ்தான் வரும். "பண்பாடோ? இவளுக்கு அப்ப ஏழு வயசு. தை மாதம், மைனஸ் பதினெட்டு. கம்பளிக் காற்சட்டை போடமாட்டன் எண்டு நிண்டவள். மின்னலாள் வெறுங்காலோடை பறக்கிறாள்தானே எண்டு கேட்டவள். வேலைக்குப் போற நேரத்திலை இவளோடை மல்லுக்கட்டவோ? இருந்து அவ்வளவுக்கும் கீறினனான்."

"பிறகு?" என்றேன்.

"வாய் திறக்காமல் போட்டுக்கொண்டு போனவள்."

"எனக்கு ஞாபகமே இல்லை, அம்மா."

"எப்பிடி இருக்கும்? உனக்குத்தான் குளிரேல்லையே."

ஆரணி முகம் சிவந்தபடி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண்ணின் மேல் பாய எனக்கு வாய் துடித்தது. ஆனால் வெட்கப் பகிடியை இத்தனை வருடம் சொல்லிச் சிரித்தவளும் நான்தான். ஏன் கீறினீர்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, தலைப்பைக் கழற்றி, வெற்று அட்டை ஒன்றை நீட்டினாள். மாமி பையை மடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். பிழை திருத்த ஆரணியை விடவில்லை.

கண்காட்சி இன்னும் நடக்கிறது. போகிறவர்கள் வார நாளில் போங்கள், கூட்டம் இல்லை. முதல் இதழைப் பார்த்துவிட்டு நேரே மாமியின் இதழ்களுக்கு வாருங்கள். இடையில் உள்ளதைப் பிறகு பார்க்கலாம். மாமியின் அட்டை நோர்வேஜிய மொழியில் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு இதோ:

"அது தை மாதம். மகள் காற்சட்டை போட மறுத்தாள். அதனால் முதலில் இவளுக்குப் போட்டுவிட்டேன்."