ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃப்ரீசர்

சில வருடங்களுக்கு முன், விஜயதசமி அன்று நடந்தது இது. அப்போது நான் திருவிடந்தைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிஎச்.டி. மாணவி. வீடு செங்கல்பட்டில்.

காயம் எப்படி ஆறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு ஒரு மனிதப் புரதம் தேவை. மனித உடலிலிருந்து எடுப்பதில்லை. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைத் தயாரிக்க வைத்துப் பிரித்தெடுப்பார்கள். மருந்தும் அல்ல, ஆய்வகத்துக்கு மட்டும். எத்தனை முறை விளக்கினாலும் அம்மா, "அது சரி, யார் உடம்புலேர்ந்துடி எடுத்தாங்க?" என்றுதான் முடிப்பாள்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அந்தச் சனியன், கையெழுத்துக்குக் காத்திருந்து, சுங்கத்தில் படுத்துத் தூங்கி, என் உயிரை வாங்கிவிட்டு, ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாதாரண அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. சுண்டு விரல் உயரக் குப்பி. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம். அதை வைத்துச் செய்யும் சோதனைதான் என் ஆய்வில் பாக்கி. கெட்டுப்போனால் வேறு வாங்க வழியில்லை. எனக்கென்று ஒதுக்கியிருந்த சின்ன ஃப்ரீசரில் பத்திரமாக வைத்தேன்.

மறுநாள் பூஜை. எங்கள் ஆய்வகத்து உதவியாளரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நெம்மேலிக்காரர், ஒப்பந்த ஊழியர். மைக்ராஸ்கோப்பிலிருந்து தராசு வரை ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். நானும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்களுக்குப் பண்டிகை தெரியாது, லீவு நாளிலும் அவற்றுக்குத் தீனி போட வேண்டும். எனவே விஜயதசமி அன்றும் தலையெழுத்தே என்று திருப்போரூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஃப்ரீசர் நெற்றியில் பெரிய பொட்டு. கீழே தண்ணீர் குளமாக நின்றது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரை அழகாகச் சுற்றி மேலே வைத்து, அதன்மேல் ஒரு சாமந்திப்பூ!

போன் போட்டேன். அண்ணன் பண்டிகைச் சட்டையோடு பைக்கில் வந்தார். கரண்ட் போயிருக்கும் என்று சமாளிப்பார் என நினைத்தேன்.

"நான்தாம்மா ஆஃப் பண்ணேன். பெர்ய ஃப்ரீசருக்குத் தனி லைனு, அதுல கை வெக்கல. சாமி கும்புட சொல்ல இது மட்டும் ஓடிகினு இர்ந்தா நல்லாவா கீது? அதுக்கும் ஒரு நாளு ரெஸ்ட் வேணாமா?"

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒன்றும் தெரியாத ஆளை உள்ளே விட்டால் இப்படித்தான் என்றேன். ஆபீஸில் சொல்லி வேலையை விட்டே தூக்குகிறேன் என்றும் சொன்னேன். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் சும்மா இருக்கவில்லை, அப்போதே அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

பிறகு அழுகையோடு என் பேராசிரியருக்கு அடித்தேன். அவர் பண்டிகைச் சாப்பாட்டில் இருந்தார்.

"மூடியைத் திறந்தியா?"

"இல்ல சார்."

"தண்ணி கலந்தியா?"

"இல்ல சார்."

"உலர்ந்த பொடிம்மா அது. கலக்காத வரைக்கும் சில நாள் வெளியில கிடந்தாலும் தாங்கும். ஐஸ் இல்லாமத்தானே கொரியர்ல வந்துது? வை போனை."

ஆமாம், அட்டைப் பெட்டியில்தான் வந்தது. பெட்டியைப் பிரித்தவளே நான்தான்!

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் திரும்பி வந்தார். தோளில் ஒரு தெர்மாகோல் பெட்டி, அது நிறைய மீனுக்குப் போடும் ஐஸ். புதுச்சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மீன் ஏலம் எட்க்கற மச்சான்கிட்ட வாங்கியாந்தேன். போதுமா பாரும்மா. இன்னும் உயிரு கீதா அதுக்கு?"

தேவையில்லை என்று எப்படிச் சொல்வது? குப்பியைக் கவரில் சுற்றி அந்த ஐஸுக்குள் வைத்தேன். "இருக்குண்ணா. ரொம்பப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தார். ஃப்ரீசர் பழையபடி குளிர்ந்து குப்பி உள்ளே போகும்வரை அவர் வீட்டுக்கே போகவில்லை. ஆய்வகம் முழுக்க மீன் வாடை.

சோதனை நன்றாகவே முடிந்தது, பட்டமும் வாங்கிவிட்டேன். நான் வேறு வேலைக்குப் போன பிறகும், அங்கே கரண்ட் போனால் அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வரும். "கரண்ட் பூட்ச்சிம்மா, இன்னா பண்றது?" ஜெனரேட்டர் தானாக ஓடும் அண்ணா என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எரிச்சல்தான் வரும். ஆனாலும் எடுத்துவிடுவேன். அன்று அவர் வேலை போகாமல் இருந்ததற்குக் காரணம் என் நல்ல மனசு அல்ல, ஆபீஸுக்கும் விஜயதசமி லீவு என்பதுதான். அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.