மூன்று அங்குலம் தேட இரண்டு விளக்குகள்

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் சேர்த்துத் தரைக்குக் கீழே ஒரே தண்ணீர்த் தொட்டி, சம்ப். நீளம் பன்னிரண்டு அடி, அகலம் எட்டு அடி, ஆழம் ஏழு அடி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதன் இரும்பு மூடியைத் தூக்கி, குச்சி விட்டுத் தண்ணீர் அளப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்தவன் நான். போல்ட்டும் நட்டும் எண்ணிப் பழகிய கைக்கு எண்ண ஏதாவது வேண்டியிருக்கிறது.

போன கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் இரவில் மோட்டார் போடுவதை நிறுத்தினோம். மாலை அளவையும் காலை அளவையும் ஒப்பிட முடிந்தது அப்போதுதான், உடனே கணக்கு உதைத்தது. மாலை ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்திய பிறகு அளந்தால் ஓர் அளவு. மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் மோட்டார் போடுவதற்கு முன் அளந்தால் மூன்று அங்குலம் குறைவு. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பத்தொன்பது நாள் பார்த்தேன். தினமும் எழுநூறு லிட்டர் எங்கோ போகிறது. சம்ப்பில் விரிசல் என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொல்லி, சம்ப்பைக் காலி செய்து பார்க்க வேண்டும் என்றேன். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் மாதத்தில் சம்ப்பைக் காலி செய்யச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? தலைவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், பொறுமையாகத்தான் கேட்டார்.

"சார், பக்கத்துல எங்கயும் ஈரம் இல்ல. செடி கூடக் காஞ்சு கிடக்கு. எழுநூறு லிட்டர் எங்க சார் போகும்?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒழுகுறது தொட்டியா, சாரோட மண்டையான்னு முதல்ல பாருங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். ஏழு பேர். என் மனைவி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் நான் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்திருந்தேன். ஒரு முறை கள்ளிக்குப்பத்தில் இறங்க வேண்டியவன் ஆவடி வரை போய்விட்டு, எதற்கு வந்தேன் என்று பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் அவள் பெங்களூரில் இருக்கும் மகனுக்குச் சொல்லி, அவன் ஒரு டாக்டரிடம் நேரமும் வாங்கிவிட்டான். வியாழக்கிழமை, பதினொன்றரை. மறதிக்குப் பார்க்கும் டாக்டர். "சும்மா ஒரு டெஸ்ட்டுப்பா" என்றான். நான் வர மாட்டேன் என்றேன். என் கணக்கு சரி, சம்ப்பில் விரிசல் இருக்கிறது, அதைக் காட்டிவிட்டால் டெஸ்ட் எதற்கு? விரிசல் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன் என்பதுதான் சரி.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். தேனிப் பக்கத்துக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு கிடைத்தால் பாண்டிச்சேரிக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி மீன்களை வீடியோ எடுப்பாள். கூட்டம் முடிந்து படியேறும்போது சொன்னாள்:

"அங்கிள், தண்ணியைக் காலி பண்ண வேணாம். என் கேமராவைப் பைப்புல கட்டி உள்ள இறக்குவோம். லைட்டுதான் இல்ல. வாங்கணும்னு ரெண்டு மாசமாப் பாத்துட்டிருக்கேன், எதை வாங்குறதுன்னே புரியல. நீங்க வாங்க, சேந்து பாப்போம்."

அவளுக்கே புரியாத ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அளவு, எண்ணிக்கை என்றால் என் துறைதானே.

கடலுக்குள் இறங்குபவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால், ஒரு வீட்டின் மாடியில் வைத்து வியாபாரம் செய்கிறார். நான்கு விளக்குகளை மேசையில் வைத்தார். நான் நோட்டில் கட்டம் போட்டேன். விளக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் எத்தனை லூமன், எத்தனை டிகிரி விரியும், எத்தனை நிமிடம் எரியும், எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும், நிறத்துக்கு ஓர் எண், எடை. மொத்தம் இருபத்து நான்கு எண்கள். எழுதி முடித்ததும் மனசு நிறைந்தது. இனி பெரிய எண்ணைப் பார்த்து எடுப்பதுதானே பாக்கி?

அங்கேதான் குழம்பியது. கடைக்காரர் அறையின் கதவை மூடி இருட்டாக்கி, ஆயிரம் லூமன் விளக்கைச் சுவரில் அடித்தார். கண் கூசியது. அடுத்து ஐயாயிரம் லூமன். சுவர் முழுக்கச் சோகையாக ஒரு வெளிச்சம்.

"இதுல சார்ஜ் இல்ல" என்றேன்.

"ஃபுல் சார்ஜ் சார்."

"ஐயாயிரம் ஆயிரத்தைவிடக் கம்மியா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அங்கிள், ஹோஸ் பைப்பு வாயைக் கட்டை விரலால அழுத்தினா தண்ணி தூரமாப் பீச்சும்ல? ஆயிரம் அப்படி. பத்து டிகிரிதான் விரியும். அந்த வெளிச்சத்துல வீடியோ எடுத்தா நடுவுல வெள்ளை வட்டம், சுத்தி இருட்டு. இன்னொண்ணு நூத்திருபது டிகிரி. வெளிச்சம் மொத்தமா அதிகம், ஆனா பரவிடும். வீடியோவுக்கு அதுதான்."

தண்ணீரை உதாரணம் சொன்னதால் புரிந்தது மாதிரி இருந்தது. ஆனால் ஐயாயிரம் என்று போட்டிருப்பது முழு வெளிச்சத்தில் மட்டும், அதில் நாற்பது நிமிடம்தான் எரியும், பெட்டியில் எழுதியிருக்கும் மூன்று மணி நேரம் குறைந்த வெளிச்சத்துக்கு என்றார் கடைக்காரர். அப்படியானால் ஒரே விளக்குக்கு என் கட்டத்தில் இரண்டு வரிசை வேண்டும். அடித்து எழுதினேன். நாற்பது மீட்டர் ஆழத்தில் சிவப்பு நிறமே தெரியாது, அதற்குத்தான் நிறத்தின் எண் என்றார். என் சம்ப் ஏழடி. அந்த எண்ணை எடுப்பதா, விடுவதா? விளக்கை வெளியே ரொம்ப நேரம் எரிய விடக்கூடாது, தண்ணீர்தான் அதன் சூட்டைத் தணிக்கும் என்றார். தண்ணீருக்குள் போனால்தான் பிழைக்கும் விளக்கை நான் பார்த்ததில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பொருளுக்கு இத்தனை எண் இருந்தும் எது பெரியது என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்தது அன்றுதான்.

அவள் நூற்றிருபது டிகிரி விளக்கில் இரண்டு எடுத்தாள்.

"ஒண்ணு போதாதா?"

"ரெண்டு பக்கமும் தள்ளி வைக்கணும் அங்கிள். அப்புறம் காட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்தோம். தலைவர் வந்து நின்றார். "கடல்ல போடுறதைக் குடிக்கிற தண்ணியில விடுறீங்களே?"

"லைட்டு இன்னும் கடலைப் பாக்கல சார். கேமராவைச் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு."

பத்தடி பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கேமராவைக் கட்டினாள். விளக்குகளைக் கேமராவை ஒட்டியே வைத்து, முழு வெளிச்சத்தில் போடச் சொன்னது நான்தான். அவள் வேண்டாம் என்றாள். நான் பிடிவாதம் பிடித்தேன். இறக்கி, இரண்டு நிமிடம் எண்ணி, மேலே எடுத்துப் பார்த்தோம். வெறும் வெள்ளை. மார்கழிப் பனிக்குள் லாரி விளக்கு போட்டது போல, ஆயிரம் புள்ளிகள் மினுமினுத்தன.

"தண்ணியில மிதக்குற தூசி அங்கிள். லைட்டு கேமராவோட பக்கத்துல இருந்தா தூசிதான் தெரியும்."

விளக்குகளை இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீட்டிக் கட்டினாள். வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்தாள். குறைத்தால் எப்படித் தெரியும் என்று நான் முனகிக்கொண்டே இருந்தேன். இறக்கி எடுத்தோம். கண்ணாடி போலத் தெரிந்தது. நான்கு சுவரும் சுற்றிச் சுற்றி எடுத்தோம். மொத்தம் ஆறு முறை. பூச்சு நன்றாக இருந்தது. ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

கிழக்கு ஓரத்தில் மோட்டார் குழாய் இறங்கும் இடத்தில், அதன் நுனி வால்வுக்கு அடியில் ஒரு செங்கல் கிடந்தது. குழாயைவிட அகலமாக ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு.

அவள் வீடியோவை அங்கே நிறுத்தினாள். "அங்கிள், நீங்க எங்க நின்னு அளப்பீங்க?"

குச்சியில் ஈரம் எதுவரை என்று தெரிய வேண்டுமென்றால் வெயில் முதுகில் இருக்க வேண்டும். அதனால் காலையில் கிழக்கே நிற்பேன். மாலையில் மேற்கே. இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. மாலையில் குச்சி தரையில் நின்றது. காலையில் செங்கல்மேல் நின்றது. செங்கல்லின் கனம் மூன்று அங்குலம்.

"தினமும் கரெக்டா மூணு அங்குலம்னு சொன்னப்பவே எனக்கு இடிச்சுது. ஒழுகுனா கூடக் குறைய இருக்கும்ல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "ஆனா உங்க அளவு எவ்ளோ கரெக்ட் பாருங்க அங்கிள். பத்தொம்போது நாள், ஒரு நூல் தப்பல!" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கு சரி. கல்தான் தப்பு. யாரோ போட்ட கல்லுக்கு நான் என்ன செய்ய முடியும்? இதை மகனுக்குச் சொல்லி வியாழக்கிழமையை ரத்து செய்துவிடலாம் என்று போனை எடுத்தேன்.

அப்போதுதான் பிளம்பர் வந்தார். கோவில்பதாகைக்காரர், எங்கள் மோட்டாரை எட்டு வருடமாகப் பார்ப்பவர். அவளுடைய போனில் வீடியோவைப் பார்த்தார்.

"அட, நம்ம கல்லு! இன்னும் அங்கியே கீதா?"

"எந்தக் கல்லு?" என்றேன்.

"இன்னா சார் இப்டி கேக்குற? நீதான வெக்க சொன்னே. ரெண்டு வருசம் முன்ன சம்ப்பு கயுவ சொல்ல, வால்வு சேத்த இஸ்துகினு கீது, கீய ஒரு கல்லு குடுன்னே. நான் மொட்ட மாடிலேந்து எத்துகினு வந்தேன். மூணு கல்லு எத்துகினு வந்தேன், அளந்து பாத்து இதான் சரின்னு நீயே பொறுக்கி குடுத்தே."

"நான் இல்லையப்பா. தலைவரா இருக்கும்."

"அவுரு எங்க சார் வந்தாரு? நீதான் கையில டேப்போட நின்னுகினு இருந்தே."

தலைவர் தலையை ஆட்டினார். அவர் அப்போது ஊரிலேயே இல்லையாம். பிளம்பர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உடு சார். கல்லுதானே. எத்துனா போச்சு."

நான் மேலே போனேன். என் நோட்டுகள் அலமாரியில் வருடப்படி இருக்கின்றன. பதினாறு நோட்டுகள். இரண்டு வருடத்துக்கு முந்தையதைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, என் கையெழுத்தில்: சம்ப் கழுவினோம். ஆள் 2. வால்வுக்குக் கீழே செங்கல் 1, கனம் 3 அங்குலம்.

கனத்தைக்கூட எழுதியிருந்தேன். வரியைப் பல முறை படித்தேன். அந்தக் கல், அந்த நாள், டேப்பைப் பிடித்த என் கை, எதுவும் நினைவுக்கு வரவில்லை. வேறு யாரோ என் கையெழுத்தைப் பழகி எழுதிய மாதிரி இருந்தது. எண்ணத் தெரிந்தவனும் மறந்தவனும் ஒரே ஆளா? இன்றுவரை எனக்கு இது தெளியவில்லை.

மறுநாள் காலை மேற்கே நின்று, கண்ணில் வெயில் அடிக்க, அளந்தேன். முந்தைய மாலை அளவே இருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

வீட்டுக்கு வந்து, இந்த வருட நோட்டைத் திறந்து, வியாழன், பதினொன்றரை, டாக்டர் என்று எழுதினேன். எப்போதும் எழுதியதும் மூடிவிடுவேன். அன்று மூடவில்லை. அடுக்களையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு, "இதை ஒரு தரம் படி" என்றேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, வாய்விட்டுப் படித்தாள்.